கைப்பிடிச்சுவர் கட்டாத விசுவாசம்



பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். போடி நகரத்துத் தெருக்களெல்லாம் பிள்ளைகள் சத்தம். வழக்கமாக இந்த மாதத்துக் கடிதத்தில் வி.பி.எஸ். பற்றியும் வாலிபர் முகாம் பற்றியும் எழுதுவேன். இந்தத் தடவை முதலாவது ஒரு பாவ அறிக்கை செய்யவேண்டியிருக்கிறது. பல வருஷமாக ஆண்டவர் இதை என் இருதயத்தில் உணர்த்திக்கொண்டே இருந்தார், நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

2012ம் வருஷம் மே மாதம். வாலிபர் உபவாச ஜெபம் முடிந்து, பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று குரங்கணி போகிற வழியில் கொட்டகுடி ஆற்றோரம் ஒரு தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மொத்தம் 27 பேர். பெரிய பையன்கள் நாலு பேரைப் பொறுப்பாக வைத்திருந்தேன். சாப்பாடு முடிந்தது. "பாஸ்டர், குளிக்கப் போறோம்" என்றார்கள். "சீக்கிரம் வந்துருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, நான் ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்து, ஞாயிறு பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். தலைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது: நல்ல மேய்ப்பன்.

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கசம். 11 வயதுப் பையன் ஒருவன் வழுக்கி அதற்குள்ளே போய்விட்டான். கூட இருந்த 26 பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. தண்ணீரில் முழுகுகிற பிள்ளை சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டிக் கூப்பாடு போடாது. வாய் தண்ணீருக்குள்ளே இருக்கும்போது சத்தம் எங்கிருந்து வரும்? எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் பார்த்தார். அவர் தண்ணீரில் குதிக்கவில்லை. பாறைமேல் குப்புறப் படுத்து, கிளை ஒடிக்கிற தொரட்டிக் கம்பை நீட்டி, பையனுடைய சட்டையில் மாட்டி இழுத்துப் போட்டார். நான் நோட்டைப் போட்டுவிட்டு ஓடிப் போனபோது பையன் இருமி இருமித் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏய்யா, பிள்ளைகளைக் கூட்டியாந்தா எண்ணிக்கிட மாட்டீகளா? நான் ஆட்டையே எண்ணித்தான் பட்டியில அடைக்கிறேன்" என்றார். அவர் விசுவாசி இல்லை. ஆலயத்துக்குள் ஒரு நாளும் கால் வைத்தவர் இல்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப்பற்றி நான் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். ஒன்று குறைகிறது என்று அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. அவன் எண்ணியிருக்கிறான்! வேதாகமக் கல்லூரியில் ஒரு உவமையை மூன்று தலைப்பாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தலையை எண்ண ஒரு ஆட்டுக்காரர்தான் கற்றுக்கொடுத்தார்.

இதுவரை சொன்னது என் கவனக்குறைவு. பாவம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

அடுத்த ஞாயிறு அதைச் சாட்சியாகச் சொன்னேன். சத்துரு வெள்ளம்போல் வந்தான், கர்த்தர் தம்முடைய தூதனை அனுப்பிப் பிள்ளையைத் தூக்கி எடுத்தார் என்றேன். சபை முழுவதும் அல்லேலூயா சொல்லிக் கைதட்டியது. சிலர் அழுதார்கள். மாமரத்தையும் நோட்டையும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் திட்டினதையும் சொல்லவில்லை. பின்வரிசையில் அந்தப் பையனுடைய தாயார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து, மெதுவாகத்தான் கேட்டார்கள்: "ஆண்டவர் காப்பாத்துனாரு, சரிங்க பாஸ்டர். நீங்க எங்க இருந்தீங்க? நான் அன்னைக்கு மலையில ஏலத்தோட்டத்துல நின்னேன். உங்களை நம்பித்தான பிள்ளைய விட்டுட்டுப் போனேன்."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு எட்டு மாதம் சபைக்கு வரவில்லை.

பிரியமானவர்களே, அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன். தேவன் காத்தார் என்பதனால் காக்கத் தவறினவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா? என் சாட்சியை நானே திருப்பிப் பார்த்தேன். பையன் பிழைத்ததினால் "அற்புதம்" என்றேன். அவன் பிழைக்காமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்ற பொருளில் அடக்க ஆராதனையில் பேசியிருப்பேன். பிழைத்தாலும் எனக்குக் குற்றமில்லை, செத்தாலும் எனக்குக் குற்றமில்லை. இரண்டு வழியிலும் ஆண்டவருடைய பெயரை முன்னால் நிறுத்தி அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்கிறேன். ஆதாம் ஒளிந்துகொள்ள மரங்களைத் தேடினான். நான் ஆண்டவருடைய நாமத்தையே மரமாக்கிக்கொண்டேன். விசுவாசம் என்பது இதுதானா?

உபாகமம் 22ம் அதிகாரம் 8ம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும், வைக்காமல் ஒருவன் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. இதை யாருக்குச் சொன்னார்? சிவந்த சமுத்திரத்தைப் பிளந்ததைக் கண்ட ஜனத்துக்கு, வானத்திலிருந்து மன்னா வந்ததைத் தின்று வளர்ந்த ஜனத்துக்கு. விழுகிறவனை அந்தரத்திலே பிடித்து நிறுத்த வல்லவர்தான் சுவரைக் கட்டு என்கிறார். விழுந்தவன் ஏன் ஓரத்துக்குப் போனான் என்று அந்த வசனம் விசாரிக்கவில்லை. வீட்டுக்காரனைத்தான் விசாரிக்கிறது.

இதை ஒரு ஜெபக்கூட்டத்தில் பேசினபோது ஒரு சகோதரன் மறுத்தார். நல்ல ஜெப வீரர்தான். "சங்கீதம் 127 இருக்கே பாஸ்டர். கர்த்தர் காக்கலேன்னா காவல்காரன் முழிச்சிருந்து என்ன பிரயோஜனம்?" என்றார். நியாயமான கேள்வி. நான் வீட்டுக்குப் போய் அந்தச் சங்கீதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். காவலாளன் விழித்திருப்பது மட்டும் போதாது என்று அது சொல்லுகிறது. காவலாளன் படுத்துத் தூங்கலாம் என்று சொல்லவில்லையே. அந்தச் சங்கீதத்துக்குள்ளே ஒரு காவலாளன் நின்றுகொண்டுதான் இருக்கிறான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனம் காட்டினவன் யார் என்பதும் நமக்குத் தெரியும். அவன் காட்டினதும் ஒரு சங்கீதம்தான்.

மோசேயின் தாயைப் பாருங்கள். பிள்ளையை ஆற்றில் விட்டாள் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அவள் சும்மா விடவில்லை. நாணற்பெட்டி எடுத்தாள், தண்ணீர் புகாமல் கீலும் பிசினும் பூசினாள், நாணலுக்குள்ளே அது அடித்துக்கொண்டு போகாத இடமாகப் பார்த்து வைத்தாள். அதற்குமேல், என்ன நடக்கிறது என்று பார்க்க அக்காளைத் தூரத்தில் நிறுத்தினாள். அந்தப் பெற்றோரை எபிரெயர் 11ம் அதிகாரம் விசுவாச வீரர்களின் வரிசையில் வைக்கிறது. கீல் பூசினதும் ஆள் நிறுத்தினதும் அவிசுவாசம் என்று அங்கே எழுதப்படவில்லை.

நம்முடைய மலையிலே நடந்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழுவுமாக முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மலையேற்றத்துக்கு வந்திருந்தார்கள். பெரும்பாலும் வாலிபர்கள், சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். 7,000 அடிக்குமேல் இருக்கிற கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வருகையில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. நமக்கு இந்த மலை தெரியும். மாசி, பங்குனியில் புல்லெல்லாம் காய்ந்து சருகாக நிற்கும், காற்று ஒரு நிலையில் நிற்காது. தீ மேட்டைப் பார்த்து ஏறும்போது மனுஷன் ஓடுகிறதைவிட வேகமாக ஏறும். 23 பேர் மரித்துப்போனார்கள். சிலர் அன்றைக்கே, மற்றவர்கள் மதுரையிலும் பிற ஊர்களிலும் ஆஸ்பத்திரிகளில் பல நாள் போராடி. குரங்கணி ஜனங்கள் முதலாவது ஓடிப்போய், போர்வையில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கினார்கள். அன்று இரவு நம்முடைய ஊர் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை.

அடுத்த வாரம் ஒரு வீட்டு ஜெபத்தில் ஒருவர், "ஞாயித்துக்கிழமை ஊர் சுத்தப் போனா இப்படித்தான், இது நியாயத்தீர்ப்பு" என்றார். அப்போதே கண்டித்தேன், இப்போதும் கண்டிக்கிறேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். பெற்ற வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது நாம் நீதிபதி ஸ்தானத்தில் ஏறி உட்காரக் கூடாது.

ஆனால் இன்னொரு கேள்வியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அவர்கள் ஏன் செத்தார்கள் என்பது தேவனுடைய சமுகத்தில் இருக்கிற காரியம். எந்த இடத்தில் சுவர் இல்லாமல் இருந்தது என்பது மனுஷர் பதில் சொல்லவேண்டிய காரியம். அந்தப் பாதைக்கு அனுமதி இல்லை என்று அரசாங்கம் சொன்னது. அப்படியானால் தீக்காலத்தில் அத்தனை பேர் எப்படி ஏறிப்போனார்கள்? அரசாங்கம் விசாரணை வைத்தது. அந்த வருஷமே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024ல் அரசே பாதைகளைக் குறித்து, வழிகாட்டிகளோடு கூட்டிப்போகிற ஏற்பாட்டைத் தொடங்கியது. அதில் குரங்கணிப் பாதையும் ஒன்று. நல்லதுதான். ஆனாலும் 23 பேர் விழுந்த பிறகு கட்டின கைப்பிடிச்சுவர் அது.

தண்ணீரும் அப்படித்தான். 2024 மே 17ந்தேதி, இதே கோடை விடுமுறையில், பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மழை மேலே மலையில் பெய்கிறது, கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. நம்முடைய கொட்டகுடி ஆறும் கும்பக்கரையும் அதே குணம் உள்ளவைதான். மேற்கே மலைமேல் மேகம் கறுத்திருந்தால், தண்ணீரில் சருகும் கலங்கலும் வர ஆரம்பித்தால், சோப்பைக்கூட எடுக்காமல் கரையேறிவிட வேண்டும். தண்ணீரில் மூழ்குவது 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் மரணத்துக்கு உலக அளவில் மூன்றாவது காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024ல் அறிக்கை கொடுத்திருக்கிறது. காய்ச்சலுக்காக எத்தனை நாள் கண்ணீரோடு ஜெபிக்கிறோம்! கிணற்றுக்காக யாராவது ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறோமா?

இதை வாசித்ததும் பெற்றோரைப் பிடித்துத் திட்டத் தோன்றும். பிரசங்கியாருக்கு அது மிகவும் லேசான வேலை. ஆனால் நம்முடைய சபையில் பாதிப் பேர் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடிகிறதற்கு முன்னே ஜீப் வந்து நிற்கும். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போய்ச் சேர்ந்தால்தான் அன்றைய சம்பளம். பள்ளிக்கூடம் இருந்தால் மதியச் சாப்பாடும் உண்டு, பிள்ளை எங்கே இருக்கிறது என்கிற நிம்மதியும் உண்டு. மே மாதத்தில் அந்தத் தாய் என்ன செய்வாள்? வீட்டில் விட்டால் கிணறு, கண்மாய். கூடவே கூட்டிக்கொண்டு போனால் ஆளுக்குமேல் ஆள் அடைத்த ஜீப், தோட்டத்தில் மருந்தடித்த ஏலச்செடி, காலி விஷ டப்பா. அந்த டப்பாவில் தண்ணீர் மொண்டு குடிக்கிற பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரிய பையனாக இருந்தால் பாதிக் கூலிக்கு வேலையிலேயே சேர்த்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறக்கிறபோது அவன் திரும்பி வருவான் என்பதும் நிச்சயமில்லை. (இதில் ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினதிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்குமேல் போடித் தண்டவாளம் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானமாக இருந்தது. 2023 ஜூனிலிருந்து அகலப்பாதையில் ரயில் வருகிறது. பழைய பழக்கத்தில் இன்னும் அங்கே போய் உட்காருகிறார்கள்.)

யோசேப்பும் மரியாளும் எருசலேமிலிருந்து திரும்பும்போது பிள்ளையைத் தவறவிட்டு ஒரு நாள் பிரயாணம் போய்விட்டார்கள். கூட்டத்தாரோடு வருவார் என்று நினைத்துக்கொண்டார்கள். பொல்லாத பெற்றோரா? இல்லை. தாய் உறவினரிடத்தில் இருப்பான் என்று நினைக்கலாம், உறவினர் தாயிடத்தில் இருப்பான் என்று நினைக்கலாம். கூட்டம் பெரிதானால் காவல் அதிகமாகிறது என்று நமக்கு ஒரு எண்ணம். உண்மையில் ஆளுக்கு ஆள் அடுத்தவரை நம்பிக்கொண்டு ஒருவரும் பார்க்காமல் விடுகிறோம். அன்று ஆற்றில் 26 பேர் சுற்றி நிற்கத்தான் அந்தப் பையன் முழுகினான்.

ஆகையினால் கேள்வி பெற்றோரிடத்தில் நிற்காமல் சபைக்கு வருகிறது. வி.பி.எஸ். பத்து நாள். விடுமுறையோ ஒரு மாதத்துக்கு மேல். மீதி நாளில் நம்முடைய ஆலயம் பூட்டித்தானே கிடக்கிறது? புது ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரே ஞாயிறில் காணிக்கை சேர்ந்தது. நானும்தான் சந்தோஷப்பட்டேன். வாரநாளில் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை உட்காரவைத்து, மதியம் ஒரு சோறு போட நமக்கு மனம் வரவில்லையே. தாய் விசுவாசியோ இல்லையோ, அதைக் கேட்கவே கூடாது. அந்த ஆட்டுக்காரர் எங்களைக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் எழுதவேண்டும், எழுதக் கை கூசுகிறது. ஆபத்து தண்ணீரிலும் தீயிலும் மட்டும் இல்லை. விடுமுறையில் உறவினர் வீடு, முகாம், இராத்தங்கல் ஜெபம் என்று பிள்ளைகள் பெரியவர்கள் கையில் போகிறார்கள். அந்தப் பெரியவர் ஊழியக்காரராகவும் இருக்கலாம். ஒரு பிள்ளை வந்து, இன்னார் என்னிடம் தவறாக நடந்தார் என்று சொன்னால், "சபையின் பேர் கெட்டுப்போகும், ஜெபிப்போம்" என்று மூடிவைக்கிற வழக்கம் நம் நடுவில் உண்டு. 2012ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாதவனும் குற்றவாளி. பாஸ்டர் என்பதனால் விலக்கு கிடையாது. சட்டத்தை விடுங்கள், இதுவும் என் பழைய சாட்சியைப் போலத்தான், ஆண்டவருடைய நாமத்தைத் திரையாகத் தொங்கவிடுவது. சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுக்கு எந்திரக்கல்லைப்பற்றிச் சொன்ன இயேசு, சபையின் பேரைப்பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இனி நம்முடைய கூடுகைகளில் எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு பூட்டின அறையில் தனியாக இருக்கக் கூடாது, அது நானாக இருந்தாலும் சரி. பிள்ளைகளே, 1098 என்ற நம்பரை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள்.

அந்தத் தாயாருடைய வீட்டுக்கு 2013 ஜனவரியில் போனேன். மன்னிப்புக் கேட்டேன். காபி போட்டுக் கொடுத்தார்கள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. புறப்படும்போது, "இனிமேயாவது எண்ணுங்க பாஸ்டர்" என்றார்கள். அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தார்கள். நான் அவர்களிடத்தில் அறிக்கையிட்டேனே தவிர, சபைக்கு முன்னால் சொன்ன அந்தச் சாட்சியைச் சபைக்கு முன்னால் திருத்தவில்லை. இப்போது எழுத்திலே திருத்தியிருக்கிறேன். அந்தப் பெரியவரைப் பிறகு இரண்டு தடவை ஆற்றோரம் போய்த் தேடினேன், காணவில்லை. யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இந்த வருஷ முகாமுக்குப் புறப்படும்போதும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், திரும்பும்போதும் பெயர் வாசித்து எண்ணப்படும். நீளமான கயிறும் காற்றடித்த லாரி டியூபும் கூடவே வரும். யாராவது முழுகினால் நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டாம், கயிறோ கம்போ வேட்டியோ நீட்டுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிடவோ வயிற்றை அமுக்கவோ கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அமுக்க வேண்டும். 108க்கும் உடனே சொல்லவேண்டும், குரங்கணிக்கு மேலே சிக்னல் கிடைக்காது என்பதால் ஒருவர் கீழே ஓடவேண்டியிருக்கும். நன்றாக நீச்சல் தெரிந்த சகோதரர்கள் நாலு பேர் வேண்டும். இதுவரை இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வாரநாளில் காலை ஆறு மணிக்கு ஆலயத்தைத் திறந்து பிள்ளைகளோடு இருக்க மூன்று சகோதரிகள் சம்மதித்திருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் இன்னும் ஆள் இல்லை. அரிசி இருக்கிறது, பருப்பு போதாது. மனமுள்ளவர்கள் வருகிற புதன் ஜெபக்கூட்டத்துக்கு முன்பாக என்னை வந்து பாருங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்